பிரேக்கைப் பற்றி ஒரு கேள்வி

பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். பெயர் தமயந்தி, ஊர் கோயம்புத்தூர், பழைய கார் சங்கம் ஒன்று வருஷா வருஷம் போடும் மலருக்குக் கட்டுரை எழுதுகிறவள். போனில் பேசும்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் பிசகு. "ஒரே கம்பெனி வண்டிங்க சார், நடுவுல இருபத்தொரு வருஷம். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி ஒண்ணொண்ணா ஒப்பிட்டு எழுதலாம்னு இருக்கேனுங்க" என்றாள். இன்ஜின், கியர், கதவு, விளக்கு என்று அடுக்கிக்கொண்டே போனாள். அந்தப் பட்டியலில் அடுத்தது எது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த நான், அது வருவதற்குள் சரிம்மா வாங்க என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, பட்டியல் முடியவில்லை, பாதியில் வெட்டியது நான்தான் என்று. இப்போது மணி எட்டரை. ஷெட்டிலிருந்து இரண்டையும் வெளியே எடுத்து வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். மஞ்சள் துணியால் துடைக்கிறேன். துடைத்த இடத்தையே துடைக்கிறேன். வராண்டாவில் என் மனைவி மர்த்தீன் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள், கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிவிட்டு, உதடு லேசாக அசைய. அவள் உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும். பத்து மணிக்கு அவள் சந்தைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், தலைவலி என்று படுத்துக்கொள்ளலாம். போக மாட்டாள். வெளியூரிலிருந்து ஆள் வருகிறதென்றால் நல்ல சேலை கட்டிக்கொண்டு வராண்டாவிலேயே இருப்பாள்.

ஒண்ணொண்ணா. சரி, ஒண்ணொண்ணாகவே பார்ப்போம். இடப்பக்கம் நிற்பது த்ராக்‌ஷன், ஐம்பத்தொன்றாம் வருஷத்துப் பிரெஞ்சு வண்டி, கறுப்பு. மர்த்தீனின் அப்பா ஐம்பத்துநாலில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறியபோது, ஊருக்குப் போகும் ஒரு நீதிபதியிடமிருந்து வாங்கினது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மாமா வண்டி. முகப்பு விளக்குகள் இரண்டும் வெளியே தனியாக நிற்கும், நண்டின் கண்ணைப்போல. முன்கதவு முன்பக்கமாகத் திறக்கும், அதனால் சேலை கட்டிய பெண்கள் இறங்குவதற்கு அதைவிட மரியாதையான வண்டி கிடையாது. கியர்க் கம்பி டாஷ்போர்டிலிருந்து நேராகக் கைக்கு வரும். பானெட்டைத் திறந்தால் எல்லாம் தெரியும், எது எதை இழுக்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடப் புரியும். ஒளிப்பதற்கு அதில் இடமில்லை. வலப்பக்கம் நிற்பது தே-எஸ், எழுபத்திரண்டு, சாம்பல் நிறம். அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து பிரெஞ்சில் சொன்னால் தேவி என்று பொருள் வரும், பிரான்சில், நான் வேலை பார்த்த லியோனில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டார்ட் செய்யாதபோது தரையோடு படுத்துக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம், தூங்கின மாடு எழுந்திருப்பதுபோல எழும். ஸ்டீயரிங்குக்கு ஒரே ஒரு ஆரக்கால். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கண்ணாடிக்குள் விளக்கும் கூடவே திரும்பும். ஸ்பிரிங் கிடையாது, எண்ணெய்தான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது, எண்ணெய்தான் ஸ்டீயரிங்கை லேசாக்குகிறது, எண்ணெய்தான். அதை விடு. கண்ணாடியில் ஒரு எறும்பு. அதைத் தட்டி விடு.

த்ராக்‌ஷனில்தான் மர்த்தீன் ஓட்டக் கற்றாள், பதினெட்டு வயதில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருக்க. எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த மாதமே நான் அவளை லியோனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பதினோரு வருஷம் அங்கே ஒரு கராஜில் வேலை. கராஜின் தலைமை மெக்கானிக் ஒரு குட்டையான மனிதர், முதல் நாளே இரண்டு டப்பாக்களை என் முன்னால் வைத்தார். ஒன்றில் பச்சை எண்ணெய், இன்னொன்றில் சிவப்பு. பச்சை கேட்கிற வண்டிக்குச் சிவப்பு ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் அத்தனையும் ஊதிப்போகும், பிறகு கிழியும், எப்போது கிழியும் என்று உனக்கோ எனக்கோ தெரியாது என்றார். திருப்பிச் சொல் என்றார். நான் திருப்பிச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் நூறு பேருக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எண்பத்தெட்டில் பாண்டிச்சேரிக்குத் திரும்பியபோது இந்தத் தே-எஸ்ஸைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தேன். பச்சை எண்ணெய் இங்கே கிடைக்காது. அங்கிருந்து வருகிறவர்கள் யாராவது பெட்டிக்குள் இரண்டு டப்பா வைத்துக் கொண்டுவருவார்கள். மர்த்தீன் இரண்டு வண்டியையும் ஓட்டினாள். காலையில் மாமா வண்டி, மாலையில் தேவி. ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கால் தப்பியதில்லை. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்று சொல்வதும் பொய், கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறேன், இரண்டும் ஒன்றுதான், இரண்டும் ஒன்றில்லை.

"காப்பி வேணுமா?" என்கிறாள் வராண்டாவிலிருந்து. வேண்டாம் என்கிறேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன குடுக்கிறது? கோயம்புத்தூர்க்காரங்க பலகாரம் சாப்பிடுவாங்களா?" எல்லா ஊர்க்காரர்களும் சாப்பிடுவார்கள் என்கிறேன். சிரிக்கிறாள். அவள் சிரிக்கும்போது ஒதில் மாதிரி இருக்கும், முன்பு அப்படியில்லை, வயதாக ஆக அக்காள் முகத்துக்குள் தங்கை வந்துகொண்டிருக்கிறாள். ஒதில் மர்த்தீனைவிட ஏழு வயது இளையவள், பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தாள். தொண்ணூற்றுநாலு பிப்ரவரியில் அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் ஒரு பக்கம் வீங்கி, பேச முடியாமல் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். கடலூரில் ஒரு பல் டாக்டரிடம் மர்த்தீன் நேரம் வாங்கினாள். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் தே-எஸ்ஸின் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். வர வேண்டிய டப்பா வரவில்லை, கொண்டுவர வேண்டியவரின் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. கடைத்தெருவில் சாதாரண பிரேக் ஆயில் ஒரு டப்பா வாங்கினேன். கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், அது ஞாபகம் இருக்கிறது, மறந்துபோய் ஊற்றினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கொஞ்சம்தானே, டப்பா வந்ததும் எல்லாவற்றையும் வடித்து மாற்றிவிடலாம், அதுவரை வண்டியை எடுக்காமல் இருந்தால் போயிற்று. ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்றால், வண்டி தரையோடு படுத்துக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுந்தது. நன்றாக எழுந்தது. நான்கு நாளும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் பயம் விட்டுப்போயிற்று, பயம் விட்டுப்போனதால் மறந்தேன், மறந்தது உண்மையென்றால் அந்த நான்காம் நாள் காலையில் மறந்தது மட்டும்தான் உண்மை.

மர்த்தீன் மாமா வண்டியின் சாவியைத்தான் எடுத்தாள். அது ஆணியிலிருந்து எழுந்த சத்தம்கூடக் கேட்கிறது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் ஒதிலின் வீங்கிய கன்னம் தெரிந்தது. "அது வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். தேவியில போங்க, பல்லு அதிராது" என்றேன். அவ்வளவுதான். த்ராக்‌ஷன் குலுக்கும், தே-எஸ் மிதக்கும். இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அது. ஒதில் எனக்குக் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போனாள். அரியாங்குப்பம் தாண்டி ஒரு வளைவு. செங்கல் ஏற்றிக்கொண்டு முன்னால் போன டிராக்டர் மெதுவாகத் திரும்பியிருக்கிறது. அவ்வளவு தூரத்திலேயே மர்த்தீன் பார்த்துவிட்டாள். நேரம் இருந்தது, வேண்டிய அளவுக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் மூன்று மணிக்கு அவளுக்கு நினைவு வந்தது. தோளில் கட்டு, நெற்றியில் தையல். ஒதில் போய்விட்டாள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அமுக்கினேங்க. அமுக்கினேன். அங்க ஒண்ணுமே இல்ல" என்றாள். மூன்று தடவை சொன்னாள். அது அவள் சொன்ன உண்மை, அவளுடைய உண்மை, அதை அவளிடமிருந்து நான் எடுத்தேன். பத்து நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்தவர் கையில் நோட்டோடு என்னிடம் கேட்டார், நீங்க அந்த வண்டி தெரிஞ்ச ஆளாச்சே, என்ன நடந்திருக்கும்? அவர் கேட்டது மரியாதையாக. எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நான் இரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டு விளக்கினேன். பழைய வண்டியில் பிரேக் என்றால் கால் நீளத்துக்குப் பெடல் இருக்கும், ஓங்கி மிதிக்க வேண்டும். புது வண்டியில் பெடலே கிடையாது, தரையில் காளான்போல ஒரு ரப்பர் குமிழ்தான், உள்ளங்காலால் லேசாக அமுக்கினால் போதும். என் மனைவி பழைய வண்டியில் கற்றவள். அவசரத்தில் கால் பெடலைத் தேடியிருக்கும். அவர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது புரிந்தது, அழகாகப் புரிந்தது. எனக்கே சொல்லும்போது அது உண்மை மாதிரி இருந்தது, ஏனென்றால் அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, பெடல் உண்மை, காளான் உண்மை, பழைய வண்டியில் கற்றது உண்மை. தேடியிருக்கும் என்றேன், தேடியது என்று சொல்லவில்லை. இதையெல்லாம் நான் எத்தனை தடவை எண்ணிப்பார்த்திருக்கிறேன். அன்று மாலை அதையே மர்த்தீனிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் தன் வலதுகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள், வண்டி தெரிந்தவன் என்று. நான் தலையாட்டினேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் வேறு யாரையும் தொட விடவில்லை. நானே பிரித்தேன், ரப்பர் வாஷர் ஒவ்வொன்றாக எடுத்தேன், பிசைந்த புளிபோல ஊதியிருந்தன. தென்னை மட்டையோடு போட்டுக் கொளுத்தினேன். மர்த்தீனின் அண்ணன் பிள்ளைகள்கூட என்னைப் புகழ்ந்தார்கள், அத்தை கண்ணில் அந்த வண்டி உடைந்த கோலத்தில் படக் கூடாதென்று மாமா எப்படி உழைக்கிறார் பார் என்று. விற்றிருக்கலாம். விற்றால் வாங்குகிறவன் பிரித்துப் பார்ப்பான், குழாய்க்குள் ஏதாவது மிச்சமிருந்தால்? முதலில் அந்தப் பயம். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மர்த்தீன் அதன்பின் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. நான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வருவாள், எதிரில் எது வந்தாலும் அவளுடைய வலதுகால் தரையை அமுக்கும், லேசாக, உள்ளங்காலால், காளானை அமுக்குவதுபோல. பெடலை மிதிப்பதுபோல அல்ல. ஒவ்வொரு தடவையும் நான் அதைப் பார்க்கிறேன். அவள் கால் இன்றுவரை பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது கேட்பதில்லை.

வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும், தோளில் காமிரா, நெற்றியில் வியர்வை, இரண்டு வண்டிகளையும் பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றப் போனாள், பிறகு தானே சிரித்துக்கொண்டாள். நல்ல பெண். கேள்விகள் எல்லாம் உருப்படியான கேள்விகள். த்ராக்‌ஷனின் கதவை நான்கு தடவை திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டாள். தே-எஸ் எழுந்து நிற்பதைப் படம் பிடித்தாள், இன்னொரு தடவைங்க சார் என்றாள், நான் அணைத்துவிட்டு, படுக்கும்வரை காத்திருந்து, மறுபடி எழுப்பினேன். மர்த்தீன் நீல நிறப் பட்டில் வராண்டாவில் இருக்கிறாள். பலகாரத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், எங்களுக்குப் பத்தடி தூரத்தில். தமயந்தி மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள், இறங்கி இதில் ஏறினாள், குனிந்து கீழே பார்த்தாள். எனக்குத் தெரியும். அவள் குனிவதற்கு முன்பே தெரியும்.

"இதென்னங்க சார், பிரேக் பெடலையே காணோம்?"

சொல்லலாம். இப்போதே சொல்லலாம். இந்தக் குமிழுக்குப் பின்னால் எண்ணெய் இருக்கிறதம்மா, அந்த எண்ணெய் பச்சையாக இருக்க வேண்டும், ஒரு முட்டாள் அதில் வேறு எண்ணெயை ஊற்றினான். வெளியாளிடம் சொல்வது சுலபம், மர்த்தீன் காதில் பக்கவாட்டில் விழட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. "அந்த ரப்பர் குமிழ்தாம்மா பிரேக்கு" என்கிறேன். "லேசா அமுக்கினா போதும்." அவள் எழுதிக்கொள்கிறாள். "அதுல இருந்து இதுக்கு மாறினா கால் குழம்பாதுங்களா?" சொல் என்கிறேன் எனக்குள். எழுபத்துநாலு வயது, இனி என்ன போய்விடும் உனக்கு, சொல். "குழம்பாது" என்கிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "ரெண்டு நாள்ல பழகிடும். பழகினா தப்பாது." முதல் தடவையாகச் சொல்கிறேன் அதை. அடுத்த வாக்கியமும் வாயில் வந்துவிட்டது. அதற்குள் படிக்கட்டிலிருந்து மர்த்தீன், "தப்பும்மா" என்கிறாள்.

அவள் எழுந்து வருகிறாள். வண்டியின் கூரையில் கையை வைத்துக்கொள்கிறாள். "எனக்குக் காலு தப்பிடுச்சு. என் தங்கச்சி பக்கத்துல இருந்தா, பல் வலி அவளுக்கு. முன்னால டிராக்டரு. எங்கப்பா வண்டியில பழகின காலு, பெடலைத் தேடிடுச்சு. இப்படி." சேலையைக் கொஞ்சம் தூக்கி, வலதுகாலை முன்னால் நீட்டி, இல்லாத பெடலை ஓங்கி மிதித்துக் காட்டுகிறாள். "மிதிக்கிறேன், மிதிக்கிறேன், தரையத்தான் மிதிக்கிறேன். குமிழு இந்தப் பக்கம் இருக்கு, நான் பாக்கறேன், ஆனா காலு போகல. இன்னிக்கும் அப்படியே கண்ணுல நிக்குது." தமயந்தி பேனாவை மூடிவிட்டாள். மர்த்தீன் அவள் தோளைத் தட்டுகிறாள். "எழுதிக்கம்மா. வண்டி மேல குத்தமில்ல. ரெண்டு வண்டி வச்சிருக்கிறவங்க தெரிஞ்சுக்கணும் இல்ல?" குமிழைப் பார்த்தாளாம். கால் போகவில்லையாம். நான் விசாரணைக்காரருக்குச் சொன்னது நான்கே வாக்கியம். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? நான் ஊன்றியது ஒரு குச்சி, அவள் அதற்கு இருபத்தொன்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள், இன்று அதில் கிளை, இலை எல்லாம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அமுக்கினேங்க, அங்க ஒண்ணுமே இல்ல என்ற அந்தப் பெண் எங்கே போனாள்? அதைக் கேட்ட ஆள் நான் ஒருவன்தான்.

தமயந்தி பதினொன்றரைக்குக் கிளம்பினாள். போகும்போது மர்த்தீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், பிரேக்கைப் பற்றி எழுத மாட்டேனுங்கம்மா என்றாள். வாசல் கதவை மூடிவிட்டுத் திரும்புகிறேன். மர்த்தீன் தட்டையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் படிக்கட்டில் உட்காருகிறேன், உட்கார்ந்தால்தான் சொல்ல முடியும் என்பதால்.

"மர்த்தீன், உன் கால் தப்பல."

"என்ன?"

"பிரேக் வேலை செய்யல. நான் வேற எண்ணெய் ஊத்தியிருந்தேன். பச்சை எண்ணெய் வரல, கடையில கிடைச்சதை ஊத்தினேன். உள்ள ரப்பர் எல்லாம் போயிடுச்சு. நீ சரியாத்தான் அமுக்கினே. ஆஸ்பத்திரில நீயே சொன்னே, அமுக்கினேன், ஒண்ணுமே இல்லன்னு."

அவள் டம்ளர்களைக் கீழே வைக்கிறாள். என் பக்கத்தில் உட்காருகிறாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவளுடைய கையைப் பார்க்கிறேன், நரம்பு எடுத்த கை, அது மெல்ல வந்து என் முழங்கால்மேல் உட்காருகிறது.

"அப்படியெல்லாம் நான் சொன்னதா ஞாபகம் இல்லையே."

"சொன்னே. மூணு தடவை."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"நான் மட்டும்தான்."

"அந்த ரப்பரு?"

"எரிச்சிட்டேன்."

அவள் பெருமூச்சு விடுகிறாள், குழந்தை ஏதோ கதை சொன்னதுபோல. "இன்னிக்கு அந்தப் பொண்ணு முன்னாடி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தாங்கல." இல்லை என்கிறேன். கேள் என்கிறேன். எண்ணெயின் நிறத்தைச் சொல்கிறேன், கடையின் பெயரைச் சொல்கிறேன், விசாரணைக்காரர் போட்ட நாற்காலியைச் சொல்கிறேன், சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அப்போதைக்கப்போது கட்டுகிற கதைபோல என் காதுக்கே கேட்கிறது. அவள் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். "ஒதில் போன அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை திட்டல நீங்க. எங்கண்ணன் திட்டினாரு, அவ பள்ளிக்கூடத்துல இருந்து வந்தவங்க என் முகத்தையே பாக்கல. நீங்க ஒரு நாள்கூட ஏன்டின்னு கேக்கல. அதுக்காகவே நான் உயிரோட இருந்தேன். இப்ப வயசான காலத்துல பழியையும் தூக்கி உங்க தலையில வச்சுக்கப் பாக்கறீங்க." அவள் கண் கலங்கியிருக்கிறது. சந்தோஷத்தில். "எனக்குத் தெரியாதா என் காலு?"

நான் இன்னொரு தடவை வாயைத் திறக்கிறேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், கையைக் கழுவிட்டு வாங்க, பசியிலதான் இப்படி என்னென்னவோ வருது என்கிறாள். கழுவிக்கொண்டு போய் உட்காருகிறேன். எதிரில் உட்கார்ந்து எனக்குச் சோறு போடுகிறாள், குழம்பை ஊற்றுகிறாள், கரண்டியால் மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து, முள் பார்த்து, என் தட்டில் வைக்கிறாள். நான் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரிகிறது. சாப்பிடுகிறேன்.